எஸ்டேட்டில் கணக்கு முடிக்கிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

ஏற்காடு ஒண்டிக்கடை டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "துரை பார்த்துச் செய்வார்" என்று யாராவது சொல்வது காதில் விழும். சில துரைகள் செய்கிறார்கள். மற்றவர்களுக்காகத்தான் சட்டம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன்பே வேலையை விட்டவர்களுக்கு 1972-ஆம் ஆண்டு பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிச் சட்டம் பொருந்தும். புதிய சட்டத்தில், நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும், பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும்; கிராஜுவிட்டியை 30 நாளில். கிராஜுவிட்டி தராத முதலாளிக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் 50,000 வரை அபராதம் உண்டு. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி அதே தப்பைச் செய்தால் மூன்று மாதம் வரை உள்ளே போகலாம். ஆனால் உங்கள் மனு இல்லாமல் இதில் எதுவும் தானாக நகராது.

செய்ய வேண்டியவை

• கிராஜுவிட்டிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கடைசி நாள்கூலி × 15 × வேலை பார்த்த வருஷம், அவ்வளவுதான். நாளுக்கு 400 ரூபாய் வாங்கி 20 வருஷம் உழைத்தவருக்கு 1,20,000 ரூபாய். கிலோ கணக்கில் காப்பிப் பழம் பறித்தவரானால் கடைசி மூன்று மாதச் சராசரியை எடுங்கள். மாதச் சம்பளக்காரர்கள் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 30-ஆல் வகுத்துத் தந்தால் ஏற்காதீர்கள்.

• செக்ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே போனில் படம் எடுங்கள். நின்ற பிறகு ரைட்டர் நோட்டைத் தொடவே விடமாட்டார்.

• கிராஜுவிட்டியை எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கேட்ட தேதிக்கு அந்த அட்டைதான் சாட்சி.

• ஐந்து வருஷம் முழுசாக ஆகவில்லை என்று சொன்னால் நாட்களை எண்ணுங்கள். நாலு வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு. நம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இது.

• இறந்துபோன தொழிலாளியின் குடும்பமாக இருந்தால் தயங்காமல் கேளுங்கள். இறப்புக்கும், உடல் முடங்கியதற்கும் ஐந்து வருஷக் கணக்கே கிடையாது.

• பி.எஃப். பாஸ்புக்கை இன்றே திறந்து பாருங்கள். கூலியில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது கடன் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம்.

• பதில் வராவிட்டால் சேலத்துக்கு பஸ் ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. இலவச வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எண் 15100. பெண்கள், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

செய்யக்கூடாதவை

• ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். நான் பார்த்த வரையில் ஏமாந்தவர்களில் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். மேலே என்ன எழுதப்படும் என்று அப்போது தெரியாது; "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று பிறகு நிரம்பும். அப்படி எழுதி வாங்கினாலும் சட்டப்படியான கிராஜுவிட்டி உரிமை போகாது. ஆனால் அதை நிரூபிக்க உங்கள் செருப்பு தேயும்.

• தொகை எழுதாத இடத்தில் கோடு கிழிக்காமல் விடாதீர்கள். வாங்கியது 30,000 என்றால் எழுத்திலும் எண்ணிலும் எழுதி, "பகுதித் தொகை" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

• "தினக்கூலிக்குக் கிராஜுவிட்டி கிடையாது" என்பதை நம்பாதீர்கள். பத்துப் பேர் வேலை செய்த இடமாக இருந்தால் போதும். ரிசார்ட் ரூம் பாய், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரும் அடக்கம். தனியார் பள்ளி ஆசிரியர்களும் 2009 திருத்தத்துக்குப் பிறகு அடக்கம்.

• ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் எடுத்தோம் என்றால் பேசாமல் வந்துவிடாதீர்கள். புதிய சட்டத்தில் அப்படி எடுக்கப்பட்டவர்களுக்குக் கிராஜுவிட்டி பெற ஒரு வருஷமே போதும்.

• திருட்டுப் பழி, சண்டைப் பழி என்று மிரட்டினால் பயந்து விட்டுக்கொடுக்காதீர்கள். பணி நீக்கம் செய்து, காரணத்தை எழுத்தில் காட்டி, உங்கள் பதிலையும் கேட்காமல் ஒரு பைசா பிடிக்க முடியாது.

• விருப்ப ஓய்வுத் தொகையையும் கிராஜுவிட்டியையும் ஒரே பொட்டலமாக வாங்காதீர்கள். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்தில் 2024-ல் விருப்ப ஓய்வுத் தொகையில் 25 சதவீதம் முதலில், மீதி வீட்டைக் காலி செய்த பிறகு என்றுதான் நிர்வாகம் சொன்னது. எது சட்டம் தருவது, எது கம்பெனி தருவது என்று தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

• கோபத்தில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை வருஷக்கணக்கில் பிடித்து வைக்காதீர்கள். அப்படிப் பிடித்து வைத்தவர்களின் வாடகையைக் கிராஜுவிட்டியில் கழிக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அனுமதித்திருக்கிறது.

• நாள் தாண்டிவிட்டது என்று கைவிடாதீர்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போடலாம். கூலிப் பாக்கிக்கு மூன்று வருஷம் வரை வழி இருக்கிறது, பாக்கியின் பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம்.

முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: 1972 சட்டத்தில் தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் கலெக்டர் அதை நிலவரி பாக்கி போல வசூலிப்பார், அதுவும் கூட்டு வட்டியோடு.