மெக்கானோ பெட்டி: வைப்பதா, விற்பதா?

இயேசு மரி சூசை துணை

புன்னக்காயல்

அன்புள்ள மருமகனுக்கு,

துளையிட்ட இரும்புப் பட்டைகள், தகடுகள், அச்சுக் கம்பிகள், பித்தளைப் பல்சக்கரங்கள், போல்ட், நட்டு ஆகியவற்றால் பாலம், கிரேன், வண்டி என்று எதையும் கட்டிப் பார்க்கும் விளையாட்டுத் தொகுப்பு மெக்கானோ. லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்ற பெயர் 1907இல் வந்தது. துளைகள் எல்லாம் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை. அதனால் 1930இல் வாங்கிய பட்டையோடு 1970இல் வாங்கிய பட்டையையும் சேர்த்து முடுக்கலாம். 1934இல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் கடினமான கணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே கட்டினார்கள். லிவர்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது. அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு உடைந்தால் அதே ஊரில் புதுச்சொப்பு கிடைக்கும். லிவர்பூல் ஆலையின் உறுப்பு தொலைந்தால் இன்னொரு பழைய பெட்டியில்தான் தேட வேண்டும். தாத்தா விட்டுச்சென்ற மெக்கானோ பெட்டியை வைப்பதா விற்பதா என்ற கேள்விக்குக் கனம் வருவது இதனால்தான்.

முதலில் பெட்டியின் காலத்தை அறிய வேண்டும். அதற்கு நிறமே சாட்சி. 1926க்கு முன் வந்த உறுப்புகள் வண்ணம் இல்லாமல், பெரும்பாலும் நிக்கல் பூச்சு கொண்டவை. 1926இல் சிவப்பும் பச்சையும் வந்தன. 1934 முதல் நீலமும் பொன்னிறமும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் சிவப்பும் பச்சையும். 1964இல் மஞ்சளும் கறுப்பும். 1970இல் மஞ்சளும் நீலமும். தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெட்டி சிவப்பும் பச்சையும் கொண்டது. அவர் கொழும்புக்குப் போய்வந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது போருக்குப் பிந்தியது.

அடுத்தது முழுமை. 1937 முதல் பெட்டிகளுக்கு 0 முதல் 10 வரை எண் இருந்தது. பத்தாம் எண் பெட்டி இழுப்பறைகள் கொண்ட மர அலமாரியாகவே வந்தது. எந்த எண் பெட்டியில் எந்த உறுப்பு எத்தனை என்பது அதனுடன் வந்த செய்முறைப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் குறைவதைக் குறிக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் விற்ற மெக்கானிக்ஸ் என்ற இதே வகைத் தொகுப்பின் உறுப்புகள் இடையில் கலந்திருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவிட வேண்டும். மெக்கானோ உறுப்புகளில் பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கும்.

பழையது என்பதாலேயே விலை கூடிவிடாது. கிடைப்பது அரிதாகவும் கேட்பவர் பலராகவும் இருந்தால்தான் கூடும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் இந்தியாவில் செய்து விற்ற ஜி.ஐ. ஜோ பொம்மைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் நாட்டில் வராத நிறங்களில் அவை வந்ததே காரணம். போருக்குப் பிந்திய நடுத்தர எண் மெக்கானோ பெட்டிகள் ஏராளமாக விற்றவை. அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. பத்தாம் எண் பெட்டிக்கும், போருக்கு முந்திய நீலம் பொன்னிறப் பெட்டிக்கும்தான் நல்ல கிராக்கி. விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த தொகையைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரும்பு கனமானது என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பும் தபால் செலவு கிடைக்கும் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

வைத்துக்கொள்வதற்கும் செலவு உண்டு. புன்னக்காயலில் அது மற்ற ஊர்களைவிட அதிகம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. வாடையும் கொண்டலும் அடிக்கும் மாதங்களில் காற்றோடு வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகி, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மெக்கானோ பட்டையில் பூச்சு முதலில் உரசிப் போவது போல்ட் முடுக்கும் துளை ஓரத்தில். துருவும் அங்கேதான் தொடங்கும். பித்தளைச் சக்கரம் கறுத்தாலும் கெடுவதில்லை.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, மழைக்கு முன், ஒவ்வொரு உறுப்பையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெயை மெல்லத் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடைத்து, கடலைப் பார்க்காத அறையில் உயரத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறும் பெருக்கெடுத்தது. அதற்குப் பின் இந்தப் பகுதியில் தரையிலோ கட்டிலுக்கு அடியிலோ எதையும் வைப்பது பாதுகாப்பு ஆகாது. அட்டைப்பெட்டியையும் புத்தகத்தையும் எண்ணெய் படாமல், கரையானுக்கு எட்டாமல் தனியே வைக்க வேண்டும். உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பதும் புதுப் பெயின்ட் அடிப்பதும் சேகரிப்பாளரிடம் பெட்டியின் மதிப்பைக் குறைக்கும்.

உரிமையையும் பார்க்க வேண்டும். தாத்தா இன்னாருக்கு என்று சொல்லாமல் விட்ட பொருள் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. விற்பதானால் அத்தனை பேரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பணத்தைப் பங்கிடுவது அதற்குப் பிறகு. உறுப்பு உறுப்பாகப் பங்கு போடுவது மட்டும் கூடாது.

விற்பது என்று முடிவானால் பெட்டியை முழுதாகவே விற்க வேண்டும். நல்ல உறுப்புகளைப் பொறுக்கி விற்றால் மிச்சத்தை வாங்க ஆள் இராது. கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில்தான் போகும். துரு, குறை எல்லாம் தெரியும்படி படம் எடுத்து, குறையும் உறுப்புகளின் பட்டியலோடு காட்டுவது நேர்மை. பின்னால் தகராறும் வராது. மெக்கானோ ஆர்வலர்களுக்கு உலக அளவில் சங்கமே இருக்கிறது. அங்கே விற்றால், வாங்குபவர் அதை வைத்துக் கட்டிப் பார்ப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். நூறாண்டைத் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. நிக்கல் காலப் பெட்டி என்றால் முதலில் அதை விசாரிக்க வேண்டும். போருக்குப் பிந்திய பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் முடிவுக்கு வருவது கடினமல்ல. பெட்டியைத் திறந்து கட்ட வீட்டில் ஒருவராவது இருந்து, ஆண்டுதோறும் துடைத்து எண்ணெய் போட அவர் பொறுப்பேற்றால், விலை எவ்வளவு என்றாலும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர் இல்லை என்றால், முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் துரு ஏறும், மதிப்பு இறங்கும். ஆகையால் அடுத்த மழைக்கு முன்னே விற்பதுதான் சரி.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா