பில் போடும் முன் பூனையைக் கேளுங்கள்

நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே இந்தக் கேள்வி உங்களிடம் வரும்: "வீட்ல பூனை இருக்கு. இந்தக் கள்ளியை வைக்கலாமா?" தாராளமாக வைக்கலாம் என்று சொல்லிச் செடியைப் பையில் போட்டுவிடாதீர்கள். அது எந்தக் கள்ளி என்று முதலில் பாருங்கள்.

தமிழில் கள்ளி என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் உலவுகின்றன. சப்பாத்திக்கள்ளி, அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த கேக்டஸ் குடும்பம். திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, தொட்டியில் சிவப்பாகப் பூக்கும் கிறிஸ்துமுள் எல்லாம் யூஃபோர்பியா, ஆமணக்குக்கு உறவு. பூனைக்காரருக்கு நீங்கள் விற்கக் கூடாதது இந்த இரண்டாவது குடும்பம். அதன் பால் பட்டால் பூனைக்கு வாய் எரியும், எச்சில் வடியும், வாந்தி வரும். கண்ணில் தெறித்தால் பூனைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆபத்து. இவற்றை வெட்டும்போதும் தொட்டி மாற்றும்போதும் கையுறை கட்டாயம்.

அடையாளம் காணச் செடியைக் கிள்ள வேண்டாம். முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் முட்கள் கொத்தாக, பஞ்சுத் திண்டு போன்ற ஒரு சிறு புள்ளியிலிருந்து கிளம்பும். யூஃபோர்பியாவில் அந்தத் திண்டு இருக்காது. இதை ஒரு வாரம் பழகினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவீர்கள்.

கேக்டஸ் என்றால் பொதுவாக விஷப் பயம் இல்லை, பயம் முள்ளில்தான். அதிலும் முயல் காது போலிருக்கும் சப்பாத்திக்கள்ளி வகையைப் பூனை வீட்டுக்கு நான் கொடுக்கவே மாட்டேன். தொட்டால் மெத்தென்று இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளியிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொக்கி முட்கள் குவிந்திருக்கும். உரசினாலே உதிர்ந்து மூக்கிலும் பாதத்திலும் ஏறும். பூனை நக்கி எடுக்கப் பார்க்கும். முள் நாக்குக்குப் போய்விடும்.

"அப்போ என்னதான் வாங்குறது?" என்று வாடிக்கையாளர் கேட்பார். கிறிஸ்துமஸ் கேக்டஸைக் காட்டுங்கள். முள் கிடையாது, பூனைக்கு விஷமும் இல்லை. சிறிய இடம் என்றால் ஹவார்த்தியா, எச்சிவேரியா. ஆனால் அதே சக்குலன்ட் தட்டில் இருக்கும் சோற்றுக்கற்றாழை, ஜேட், கலஞ்சோ மூன்றும் பூனைக்கு ஆகாது. லில்லி பற்றிக் கேட்டால் யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம்.

விற்ற பிறகும் போன் வரும். காலில் ஓரிரு முள் என்றால் இடுக்கியால் எடுக்கச் சொல்லலாம். வாய், கண், அல்லது பால் பட்ட இடம் என்றால் மருந்து சொல்ல நீங்கள் ஆளில்லை. தண்ணீர் விட்டுக் கழுவி, செடியின் பெயரோடும் படத்தோடும் கால்நடை மருத்துவரிடம் உடனே போகச் சொல்லுங்கள். வலிக்கு பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டால் கூடவே கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். பூனைக்கு அது உயிர் குடிக்கும் மருந்து.

நாளைக் காலை கடை திறந்ததும் கள்ளித் தட்டை இரண்டாகப் பிரியுங்கள். பால் கள்ளிகளைத் தனியே வைத்து, 'பூனை உள்ள வீட்டுக்கு வேண்டாம்' என்று தமிழில் ஓர் அட்டை குத்துங்கள்.