மட்டாஞ்சேரி சந்துக்கு எந்த மின்சார எஸ்யூவி? வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஷோரூமில் முதலில் காட்டுவது ரேஞ்ச், பெரிய திரை, சன்ரூஃப். மட்டாஞ்சேரி, தோப்பும்படி, ஃபோர்ட் கொச்சி பக்கம் குடியிருப்பவர்கள் அவற்றைக் கடைசியில் பார்த்தால் போதும். சந்தின் அகலம், வீட்டு மீட்டர், உப்புத் தண்ணீர் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இங்கே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1. டேப்பை எடுத்து உங்கள் சந்தையும் கேட்டையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். டாடா பஞ்ச் இவி 1.74 மீட்டர் அகலம். ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், டாடா நெக்ஸான் இவி இரண்டும் 1.8 மீட்டரை ஒட்டி வரும். எம்ஜி வின்ட்சர் 1.85, மஹிந்திரா பிஇ 6 1.9 மீட்டர். பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பஜார் ரோட்டில் சரக்கு லாரிக்கு எதிரே நிற்கும்போது அந்தக் கால் மீட்டர் எவ்வளவு பெரியது என்று தெரியும். டெஸ்ட் டிரைவை பைபாஸில் முடித்துவிடாமல், உங்கள் வீட்டு வாசல் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். தயங்காமல் கொண்டுவருவார்கள்.

2. சார்ஜ் போட இடம் எங்கே? இங்குள்ள பழைய வீடுகள் பலவும் சுவரோடு சுவர் ஒட்டியவை. கார் ஷெட் கிடையாது. தெருவில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பது கூடவே கூடாது. மழைக்காலத்தில் அது உயிருக்கே ஆபத்து. மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி, சரியான எர்த், 15 ஆம்பியர் பாயிண்ட் ஆகியவை முதல் தேவை. அதில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய 15 மணி நேரம் ஆகும் என்று மலைக்க வேண்டாம். காக்கநாடு போய்வந்தாலும் ஏறக்குறைய 45 கி.மீ.தான்; அதற்குச் செலவாவது 7 யூனிட் அளவு. இரண்டரை மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். ஆகவே 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் எல்லோருக்கும் அவசியமில்லை. போட விரும்பினால், லோடு தாங்குமா, த்ரீ ஃபேஸ் வேண்டுமா என்று மின்வாரியத்தின் (கே.எஸ்.இ.பி.) செக்‌ஷன் ஆபீஸில் முதலில் கேளுங்கள்.

3. கரண்ட் பில்லில்தான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. கேரளத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டுக்குள் இருந்தால் படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விகிதம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் காருக்கு மட்டும் 160 யூனிட் அளவு போகும். ஏற்கெனவே 180 யூனிட் எரிக்கும் வீடு 340-க்குப் போய்விடும். அப்போது மிக்ஸி, ஃபேன் ஓடும் யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதல் விலை. 250-ஐத் தாண்டிய வீடுகளுக்கு 2025 முதல் நேரக் கணக்கும் உண்டு: மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் அதிகம், காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. ஆபீஸிலிருந்து வந்ததும் பிளக்கை மாட்டாதீர்கள். இரவு 10-க்குப் பிறகு ஓடும்படி டைமர் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் போடுவது இன்னும் நல்லது. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கான மின்கட்டணமும் காலை 9 முதல் மாலை 4 வரைதான் குறைவு.

4. விளம்பர ரேஞ்சில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். நெக்ஸான் இவி 45-க்குச் சோதனைக் கணக்கு 489 கி.மீ.; சாலையில் 350 முதல் 370 வரை என்று டாடாவே சொல்கிறது. அறிமுகத்தின்போது சொன்ன கணக்குகளான கிரெட்டாவின் பெரிய பேட்டரிக்கு 473, பஞ்சின் 35 யூனிட் பேட்டரிக்கு 421, வின்ட்சரின் 38 யூனிட்டுக்கு 331 என்பவற்றையும் அப்படியே குறைத்துப் படியுங்கள்.

5. பொங்கலுக்குக் கோயம்புத்தூர் போகிறவர்களுக்கு: தூரம் ஏறக்குறைய 200 கி.மீ. 45 யூனிட் பேட்டரியில் நிதானமாக ஓட்டினால் நிற்காமல் போய்ச் சேரலாம். சின்ன பேட்டரி என்றால் திருச்சூரிலோ பாலக்காட்டிலோ பகல் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

மூணாறு வேறு கணக்கு. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை 1,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே ஏழரை யூனிட் வேண்டும். சமவெளியில் அதில் 50 கி.மீ. ஓடலாம். இறங்கும்போது ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். ஆனால் மேலே 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால் அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது. 80-இல் நிறுத்துங்கள்.

6. இந்தக் குறிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் மறக்க வேண்டாம். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பது சோதனைச்சாலைக் கணக்கு. மழைத் தண்ணீரில் மெதுவாகக் கடந்து போக அது போதும். கடல் ஓதம் ஏறி நிற்கும் உப்புத் தண்ணீர் வேறு. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது உப்பு நீரில் மூழ்கிய மின் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. ஓதம் ஏறும் நாட்களில் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். அடிப்பகுதி வரை உப்பு நீர் புகுந்தால் ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது; வீட்டை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

7. கேரளத்தில் சாலை வரி 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. பேட்டரியை வாடகைக்கு எடுத்தாலும் 10 சதவீதம். 2024-இல் வின்ட்சர் வந்தபோது பேட்டரி வாடகை கி.மீ.க்கு மூன்றரை ரூபாய். கரண்ட் செலவு தனி. மாதம் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று கட்டாயம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் பேட்டரியோடு வாங்கவே சொல்வேன்.

8. ஆயுள்கால பேட்டரி வாரண்டி முதல் உரிமையாளருக்குத்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பேட்டரி நலச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

9. ஸ்டெப்னி பல மாடல்களில் இல்லை. கேளுங்கள்.

10. எர்ணாகுளத்துக்குப் போக 2025 அக்டோபரிலிருந்து மட்டாஞ்சேரியிலேயே வாட்டர் மெட்ரோ படகுத்துறை இருக்கிறது. அதுவும் பேட்டரியில் ஓடுவதுதான். தினசரி வேலைக்குப் படகில் போகிறவர்கள் பெரிய பேட்டரிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

11. என் தேர்வு இது. குறுகிய சந்து, ஊருக்குள் ஓட்டம் என்றால் பஞ்ச் 35. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு நெக்ஸான் 45. அதோடு தாராளமான பட்ஜெட்டும் இருந்தால் கிரெட்டா. மூட்டு வலியுள்ள பெரியவர்கள் பின்சீட்டில் உட்காரும் வீட்டில், வாசல் அகலம் இடம் கொடுத்தால், வின்ட்சர். சொந்தமாகப் பிளக் பாயிண்ட் போட வழியில்லாதவர்கள் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.