தங்கத்தின் மேனியில் ஊரும் ஒளி

சிராங்கூன் சாலை நகைக்கடையில் தங்கம் மின்னக் காரணம், விழும் ஒளியில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்புவதுதான். ஆனால் தங்கத்தை விட்டு விலகாமல், அதன் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் ஒளியும் உண்டு. அதன் பெயர் ‘மேற்பரப்பு பிளாஸ்மான் அலை’.

ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்தைவிட மிக விரைவாக ஆட்டிப் பாருங்கள். கை முன்னே போகும்போது ஊஞ்சல் பின்னே வரும். தங்கத்தில் தளையின்றித் திரியும் எலக்ட்ரான்களைச் சிவப்பு ஒளி ஆட்டும்போதும் இதுவே நடக்கிறது. நீரில் அணுக்களோடு கட்டுண்ட எலக்ட்ரான்களோ ஒளி தள்ளும் பக்கமே அசைகின்றன. இந்த இரண்டு குணங்களும் சந்திக்கும் எல்லையில் மின்காந்த அலை சிக்கிக்கொள்கிறது. நீர்ப்பக்கம் சுமார் 200 நானோமீட்டர் தள்ளிப் போனாலே அது மிகவும் வலுவிழந்துவிடும்.

வழுவழுப்பான தங்கத் தகட்டில் டார்ச் அடித்தால் இந்த அலை பிறக்காது. அதன் அலைநீளம் காற்றில் வரும் ஒளியினுடையதைவிடக் குறைவு, இரண்டும் பொருந்தாது. 1968ல் ஜெர்மனியின் எர்வின் கிரெட்ச்மன், ஹைன்ஸ் ரேதர் இருவரும் ஒரு வழி கண்டார்கள். கண்ணாடிக்குள் ஒளியின் அலைநீளம் சுருங்கும் அல்லவா? முப்பட்டகக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய உலோகம் பூசி, கண்ணாடி வழியே ஒளியைச் செலுத்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிரதிபலிப்பு சட்டென மங்கும். ஒளி மேற்பரப்பு அலையாக மாறிவிட்டது! தங்கம் என்றால் 50 நானோமீட்டர் பூச்சு போதும். ஒரு கிராம் தங்கத்தில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பூசலாம். கடைக்காரர் கேட்டால் மயங்கிவிடுவார்.

தங்கத்தின்மேல் ஒரு கிருமியின் புரதம் வந்து ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். சாயம் எதுவும் சேர்க்காமலே புரதம் வந்ததை அறியலாம். கொவிட் காலத்தில் நாம் பயன்படுத்திய ஏஆர்டி கருவிகள் பலவற்றில் தெரிந்த சிவப்புக் கோடு இதற்கு நெருங்கிய உறவு. அங்கே இருப்பவை தங்க நானோ துகள்கள். அவற்றில் அலை ஓட இடமில்லை. எலக்ட்ரான்கள் நின்ற இடத்திலேயே ஊசலாடி, பச்சை ஒளியை விழுங்குகின்றன. நம் கண்ணுக்குச் சிவப்பு எஞ்சுகிறது.

ஒரு குறை உண்டு. தங்கத்தில் ஓடும் சிவப்பு ஒளி அலை, தலைமுடியின் தடிமன் தூரம் போவதற்குள் பெரும்பாலும் வெப்பமாகிவிடும். கணினிச் சில்லுகளில் கம்பிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பது இதுவே. அதனால் ஆய்வாளர்கள் வேறு பொருள்களையும் தேடுகிறார்கள். பிஸ்மத், ஆன்டிமனி, டெல்லூரியம், செலினியம் கலந்த ஒரு படிகம் உள்ளே மின்சாரத்தைத் தடுக்கும், மேற்பரப்பில் கடத்தும். கட்புலனாகும் ஒளியிலும் புற ஊதாவிலும் அது பிளாஸ்மான் விளைவைக் காட்டுவதாக 2014ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகமும் இணைந்து அறிவித்தன.