சொல் மறைந்தாலும் கை பேசும்



கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தின் இரைச்சலில், பயணி கையசைத்துக் கேட்பதையும் நடத்துநர் தலையசைத்து விடை சொல்வதையும் பார்த்திருப்பீர்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைகளை மறைத்து, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். இவர்கள் எல்லாரும் பேசக்கூடியவர்கள். வசதிக்காகச் சைகை செய்கிறார்கள். நோயினால் சொற்களையே இழந்துவிட்ட ஒருவருக்குச் சைகை எவ்வளவு உதவும்?

மொழியிழப்பு

பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப் பாதியில் உள்ளன. பக்கவாதம், தலைக்காயம், மூளைக்கட்டி ஆகியவற்றால் அப்பகுதிகள் பழுதுபட்டால் ‘அஃபேசியா’ என்னும் மொழியிழப்பு உண்டாகிறது. சிலர் ஓரிரு சொற்களைச் சொல்லவே திணறுவர். வேறு சிலர் தங்குதடையின்றிப் பேசுவர். ஆனால் அப்பேச்சில் பொருள் விளங்காது. படிப்பதும் எழுதுவதும்கூடப் பாதிக்கப்படலாம். இது பைத்தியம் அன்று. அறிவு மழுங்கியதும் அன்று.

‘டான்’ காட்டிய விரல்கள்

1861ஆம் ஆண்டு ஏப்ரலில், பாரிசுக்கு அருகிலுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பவரை டாக்டர் பால் புரோக்கா சோதித்தார். எதைக் கேட்டாலும் லெபோர்ன் “டான், டான்” என்றே சொல்வார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்திருந்தன. “இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள்?” என்று கேட்டபோது, அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். நான்கு ஐந்து இருபது, அதோடு ஒன்று. 21 ஆண்டுகள் என்ற அந்த விடை மிகச் சரியானது! சொல் போய்விட்டது, எண்ணமும் நினைவும் கணக்கும் போகவில்லை. தம் சைகை பிறருக்குப் புரியாதபோது அவர் கடுங்கோபம் கொள்வாராம். சில நாள்களில் அவர் இறந்தார். அவருடைய மூளையில் இடப்பக்க முன்பகுதி பழுதுபட்டிருந்ததைப் புரோக்கா கண்டார். அப்பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

எல்லாவற்றையும் கை சொல்லுமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். வாய் திறவாமல் ‘சுத்தியல்’ என்பதை நண்பருக்கு உணர்த்துங்கள், எளிதில் முடியும். பிறகு ‘நாளை மறுநாள்’ என்பதை உணர்த்துங்கள். திண்டாடுவீர்கள்! பொருளின் வடிவத்தையும் செயலையும் கை நன்கு காட்டும். காலத்தையும் காரணத்தையும் காட்டுவது கடினம்.

நோயாளிக்கு வேறு தடைகளும் உண்டு. இட மூளையே வலக்கையை இயக்குவதால், பலர் பழக்கமில்லாத இடக்கையால் சைகை செய்ய நேர்கிறது. சிலருக்குக் கையில் வலு இருந்தும், சீப்பால் தலை வாருவது போல நடித்துக் காட்ட வராது. எனினும், மொழியிழந்தோர் பலர் மற்றவர்களைவிட மிகுதியாகவே சைகை செய்கிறார்கள். சொல் தடைப்படும் இடத்தில் கை முன்வருகிறது.

சைகை வேறு, காது கேளாதோரின் சைகை மொழி வேறு. சைகை மொழிக்குச் சொற்களும் இலக்கணமும் உண்டு. அமெரிக்காவில் சால்க் ஆய்வு நிலையத்தின் உர்சுலா பெல்லுகி குழுவினர் 1980களில் ஓர் உண்மையைக் காட்டினர். இட மூளை பழுதுபட்ட காது கேளாதோர் சிலர் சைகை மொழியில் தடுமாறினர். ஆனால் சாதாரணமாக நடித்துக் காட்ட அவர்களால் முடிந்தது. வாயால் பேசினாலும் கையால் பேசினாலும் மொழிக்கு இட மூளையே முக்கியம் என்பது இதனால் தெளிவாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இந்நிலை நேர்ந்தால், அவர்கள் முகத்தையும் கைகளையும் பார்த்துக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ‘ஆம்’, ‘இல்லை’ என்று தலையசைத்தால் போதும்படி கேளுங்கள். “தண்ணீரா வேண்டும்?” என்று நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி உறுதி செய்யுங்கள். நீங்களும் கை காட்டிப் பேசுங்கள். தாளும் பென்சிலும் அருகில் இருக்கட்டும். அவசரப்படாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரின் உதவியையும் நாடுங்கள்.

ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ, அவ்வளவு சொற்கள் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு.