வசந்த நகரில் மூன்று நாள்

பயணம் மேற்கொள்வார்க்குக் காலமே கைம்முதல். அதனை அளந்து செலவிடுவோரே பயன் பெறுவர். சீன நாட்டின் தென்மேற்கில், யுன்னான் மாநிலத்தின் தலைநகராய் விளங்கும் குன்மிங்கிற்கு மூன்று நாள் செல்வதாகக் கொள்வோம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் அமைந்தமையால் அங்குக் கோடை சுடுவதில்லை. வடபுல மலைகள் குளிர்காற்றைத் தடுத்தலின் பனிக்காலம் வாட்டுவதில்லை. ஆதலின் அதனை ‘வசந்த நகர்’ என்பர். மே முதல் அக்டோபர் வரை மழை மிகுதி. எனவே, குளிர்காலத்தில் செல்லுதல் நன்று.

முதல் நாள் நகர் நடுவிலுள்ள பச்சை ஏரியைக் காணலாம். 1985 முதல் வடபுலத்துக் கடற்காகங்கள் குளிர்காலந்தோறும் நகருக்கு வந்து அந்நீரில் திளைக்கின்றன.

இரண்டாம் நாள் மேற்கு மலை ஏறி, பாறையைக் குடைந்து அமைத்த வழியே சென்றால், கீழே தியென் ஏரி கடலெனப் பரந்து தோன்றும். அதன் தென்கரையிலேதான் கடலோடி செங் ஹோ பிறந்தார். அவர் இலங்கையில் நிறுவிய, 1409-ஆம் ஆண்டு குறிக்கப்பெற்ற கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு நம் தமிழும் இடம்பெற்றுள்ளது. இதனை முன்பே கற்றுச் செல்வார்க்கு அவ்வேரி வெறும் நீர்ப்பரப்பாகத் தோன்றுமோ?

மூன்றாம் நாள் முழுவதும் கற்காட்டிற்கே உரியது. நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்தில், பண்டைக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை நீரால் கரைந்து, மரங்கள் போல் ஓங்கி நிற்கின்றது.

பல இடங்களை ஓடிப் பார்ப்பதினும் சில இடங்களைக் கற்றுணர்ந்து காண்பதே சிறப்பு.