குடலும் ஹார்மோன் சுரக்கிறது: வகுப்பறையில் ஒரு நார்ச்சத்துக் கணக்கு

பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் முடிந்ததும், ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், அட்ரினல் எனப் பட்டியல் வரும். குடலை யாரும் சொல்வதில்லை. ஆனால் ஹார்மோன் என்ற கருத்தே குடல் ஆய்வில்தான் பிறந்தது. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் சிறுகுடலில் செக்ரிட்டினைக் கண்டறிந்தனர். 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்.

இப்பாடத்தைத் தஞ்சைப் பகுதி மாணவர்களுக்கு நெல்லைக் கொண்டே விளக்குகிறேன். நெல், உமி நீக்கிய அரிசி, தீட்டிய அரிசி, தவிடு ஆகியவற்றை நான்கு கிண்ணங்களில் வைப்போம். தீட்டும்போது தவிட்டோடு போவது எது? விடைகளில் ஒன்று நார்ச்சத்து. நம் நொதிகளால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட்தான். இந்த அமிலங்கள் குடலின் 'எல்' செல்களைத் தூண்ட, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இவை வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும். ஜிஎல்பி-1 இன்சுலின் சுரப்பையும் தூண்டும். உடல் பருமனும் நீரிழிவும் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுபவை என்பதை இங்கே இணைத்துக் காட்டலாம்.

குவானிலின் என்ற மற்றொரு குடல் ஹார்மோன் பெருங்குடல் கட்டிகளில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இது குறித்த ஆய்வுகள் தொடர்கின்றன. எனவே 'இந்த ஹார்மோன் புற்றுநோயைத் தடுக்கும்' என்று மாணவர்களிடம் கூறிவிடக் கூடாது.

அடுத்தது கணக்கு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராமில் உள்ள நார்ச்சத்து:

தீட்டிய அரிசி – 2.8 கிராம்
தீட்டாத அரிசி – 4.4 கிராம்
கேழ்வரகு – 11.2 கிராம்
முழுப் பாசிப்பயறு – 17 கிராம்
முழு உளுந்து – 20.4 கிராம்

ஒருவர் நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். முழுவதையும் தீட்டாத அரிசியாக மாற்றினால் கூடுவது ஏறத்தாழ 5 கிராம். தோல் நீக்காத பாசிப்பயறு 30 கிராம் சேர்த்தாலே அதே 5 கிராம் கிடைத்துவிடும்! தை மாதம் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் நாம் தெளிக்கும் உளுந்தும் பயறும்தான் இவை. விலை கொடுத்து வாங்கும் 'ஆரோக்கிய உணவு' தேவையில்லை. 2023 உலக சுகாதார நிறுவனப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 6 முதல் 9 வயதினருக்கு 21 கிராமும், 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு 25 கிராமும் நார்ச்சத்து தேவை. தொடக்கப்பள்ளி மாணவர்கள் இதைக் கூட்டல் கணக்காகவும் செய்யலாம்.

நார்ச்சத்து வாய்ப்பைக் குறைக்குமே தவிர, தடுப்பூசி ஆகாது. உடலுழைப்பும், மது, புகையிலை தவிர்ப்பதும் அவசியம். என் மாணவி ஒருத்தியின் தாத்தா மலத்தில் ரத்தம் வந்தபோது 'மூலம்தான்' என்று இரண்டு ஆண்டுகள் கைவைத்தியம் செய்துகொண்டார். பிறகுதான் பெருங்குடல் புற்றுநோய் எனத் தெரிந்தது. பெரும்பாலும் இந்நோய் சிறு கட்டியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் மெல்ல வளர்கிறது. அந்த நிலையிலேயே கண்டால் அகற்றிவிடலாம். மலத்தில் ரத்தம், மலம் கழிப்பதில் நீடித்த மாற்றம், காரணமற்ற சோகை, எடைக்குறைவு ஆகியவை இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெட்கத்தால் பெரியவர்கள் மறைக்கும் இச்செய்தியைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள். பாடம் வீடு வரை போகட்டும்.